மாட்டுக் கொட்டகை, கிடங்கு, பண்ணை வீடு: ஊராட்சியில் கட்டட அனுமதி வாங்குவது எப்படி?

கறவை மாடு, கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் கொட்டகை பற்றிப் பேசும்போது நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, கூரைக்கு என்ன போடலாம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அனுமதி பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கட்டி முடித்து வங்கிக்கோ மின்வாரியத்துக்கோ போன பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சிக்கு வந்த ஒரு விவசாயி, 20 மாடுகளுக்குக் கொட்டகை போட்டார். கையிருப்பு, நகைக்கடன் எல்லாம் கட்டடத்திலேயே போய்விட்டது. மாடு வாங்க வங்கிக் கடனை நம்பியிருந்தார். வங்கியில் ஒப்புதல் பெற்ற வரைபடம் கேட்டார்கள். ஊராட்சியில் போய்க் கேட்டபோது, கொட்டகை நின்ற இடத்தின் பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டாக இருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை 20 மாட்டுக் கொட்டகையில் 6 மாடுகள்தான் நின்றன. கொட்டகையில் ஒரு குறையும் இல்லை. வேலையை முன்பின்னாகச் செய்ததுதான் சிக்கல். வானம் தோண்டுவதற்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலையை, கூரை போட்ட பிறகு தொடங்கினார்.

பட்டா வேறு, வரி ரசீது வேறு, அனுமதி வேறு

"என் பட்டா நிலத்தில் நான் கட்டுவதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?" என்பது நியாயமான கேள்விதான். நிலம் யாருடையது என்பதைப் பட்டாவும் பத்திரமும் சொல்கின்றன. அதில் என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதைக் கட்டட அனுமதி சொல்கிறது. கட்டிய பிறகு ஊராட்சி போடும் வீட்டு வரி மூன்றாவது சங்கதி. 'வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், ரசீது இருக்கிறதே' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வரி ரசீது அனுமதி ஆகாது. உரிமைக்கான சான்றும் ஆகாது.

கிராம ஊராட்சிகளுக்கு முன்பு 1997-ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகள் இருந்தன. இப்போது மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பொருந்தும். மாட்டுத் தொழுவம், கோழிக் கொட்டகை, விளைபொருள் கிடங்கு எல்லாம் விவசாயத்தோடு சேர்ந்த பயன்பாடுகள்தான். விவசாய மண்டலத்திலும் அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால், ஓர் இடத்தில் ஒரு பயன்பாடு அனுமதிக்கப்படுகிறது என்றால், அங்கே அனுமதி வாங்காமலேயே கட்டலாம் என்று பொருள் கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

நான்கு கால் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்த பந்தலைப் பற்றி இங்கே பேசவில்லை. அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, இரும்புத் தூணும் ஷீட்டும் போட்டு, அதைக் காட்டிக் கடனோ மானியமோ மின் இணைப்போ கேட்கப் போகிறீர்கள் என்றால் அனுமதியோடு கட்டுங்கள். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை 7 ஆண்டுகள் வரை கிடைக்கிறது. கிடங்கு, தரம்பிரிப்புக் கூடம் போன்றவற்றுக்கு நல்ல திட்டம். காகிதம் சரியில்லாமல் அந்தச் சலுகையை இழந்தால், அந்த நஷ்டம் அனுமதிக் கட்டணத்தைவிடப் பல மடங்கு இருக்கும்.

முதலில் நிலத்தின் காகிதங்கள்

பொறியாளரிடம் போவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டிய ஆவணங்கள் ஐந்து: பட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம், பத்திரம், வில்லங்கச் சான்று. முதல் மூன்றும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் இணையதளத்திலும் கிடைக்கும். கைப்பேசியில் பார்க்க முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம்.

பட்டாவில் முதலில் பெயரைப் பாருங்கள். அப்பா, தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். வாய்மொழியாகப் பாகம் பிரித்து, அவரவர் பங்கை அவரவர் உழுதுகொண்டிருப்பார்கள். விவசாயம் செய்ய அது போதும். அனுமதிக்குப் போதாது. இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துப் பெயர் மாற்ற வேண்டும். பாகம் பிரித்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, அதன்படி உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க வேண்டும். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும் என்பதால் அதற்குக் காலம் பிடிக்கும். கூட்டுப் பட்டாவிலேயே கட்டுவதானால் மற்ற பட்டாதாரர்கள் எல்லாரும் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். அண்ணன் தம்பி இன்று சரி என்பார்கள். கொட்டகை எழும்பிய பிறகு அந்தப் பக்கம் சாலை வந்து நிலத்தின் மதிப்பு ஏறினால் அதே வாய் வேறு மாதிரி பேசும். தனிப்பட்டாவே நல்லது.

அடுத்து, சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். அதற்கு நேரான புதிய எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பரப்பளவிலும் பலர் தவறுகிறார்கள். பத்திரம் ஏக்கர், சென்ட் என்று பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசும். வரைபடம் சதுர அடி அல்லது சதுர மீட்டரில் இருக்கும். பட்டாவில் 0 - 12.50 என்று இருந்தால் 12.5 ஏர், அதாவது 1,250 சதுர மீட்டர். ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். ஆக, ஏறத்தாழ 31 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் 33 சென்ட் என்று இருந்து பட்டாவில் 31 சென்ட்தான் வருகிறது என்றால், அந்த 2 சென்ட் எங்கே போனது என்று கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பாதைக்கோ வாய்க்காலுக்கோ போயிருக்கும். சில சமயம் பக்கத்து வயலில் இருக்கும்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் அத்து அளக்காமல் கட்டாதீர்கள். வரப்பு ஒவ்வொரு உழவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முப்பது வருடத்தில் ஓரடி, ஈரடி நகர்ந்திருந்தால் பயிருக்கு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் சுவர் எழுப்பினால் வழக்காகிவிடும். நில அளவைக்கு மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் சர்வேயர் வந்து புலப்படத்தின்படி அளந்து எல்லை காட்டுவார். அன்று பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கண் முன்னால் நட்ட கல்லுக்கு மதிப்பு அதிகம்.

பட்டாவில் பிழை இருந்தால், வருடந்தோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுக்கலாம். பொதுவாக மே, ஜூன் மாதங்களில் நடக்கும். உங்கள் ஊருக்கான நாளை வி.ஏ.ஓ. சொல்வார்.

நஞ்சையா, புஞ்சையா, நத்தமா?

அ-பதிவேட்டைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்பது அதில் இருக்கும். புறம்போக்கு, அதிலும் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் பேச்சே இல்லை. எத்தனை தலைமுறை அனுபவித்திருந்தாலும் அனுமதி கிடைக்காது. அரசு ஒப்படை செய்த நிலமானால் ஒப்படை நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

விவசாய நிலத்தில் வீடு, கடை, ஆலை என்று விவசாயம் அல்லாத கட்டடம் கட்டுவதற்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவைப்படும். உங்கள் கிராமம் முழுமைத் திட்டம் உள்ள திட்டப் பகுதிக்குள் வந்தால் ஒரு வழி, வராவிட்டால் வேறு வழி. திட்டப் பகுதியில் அந்த இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மற்ற இடங்களுக்கு 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகள் பொருந்தும். அதில் நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். நஞ்சை என்றால் ஆய்வு இன்னும் கடுமையாக இருக்கும், மாவட்ட ஆட்சியர் வரை போகும். பாசன நிலம் குறைந்துகொண்டே போகும்போது அந்தக் கடுமை தவறு என்று நான் சொல்லமாட்டேன். உங்களிடம் நஞ்சையும் புஞ்சையும் இருந்தால், கட்டடத்துக்குப் புஞ்சையில் மேட்டுப்பாங்கான மூலையைத் தேர்ந்தெடுங்கள். அனுமதியும் எளிது, மழைக்காலத்தில் கொட்டகையில் தண்ணீரும் நிற்காது.

வீட்டு மனையாகப் பிரித்து விற்ற நிலத்தில் ஒரு மனை வாங்கியிருந்தால், அந்த மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 'ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட மனை' என்று முன்பு விற்றவை அங்கீகாரம் பெற்றவை ஆகா. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017-இல் தனி விதிகள் வந்தன. அப்படி வரன்முறை செய்த ஆணை இருந்தால்தான் கட்டட அனுமதிக்குப் போக முடியும்.

இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். ஏரி, ஆறு, கால்வாய் ஓரம் என்றால் நீர்வளத் துறை. நெடுஞ்சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. நீலகிரி, கொடைக்கானல் மட்டுமல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்கள் பலவும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளன. அங்கே அந்தக் குழுமத்தின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது.

தலைக்கு மேலேயும் பாருங்கள். வயலில் போகும் 11 கே.வி. கம்பிக்கும் கூரைக்கும் இடையே செங்குத்தாக 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சாதாரண தாழ்வழுத்தக் கம்பிக்கு மேலே 2.5 மீட்டர், பக்கத்தில் 1.2 மீட்டர். கோடையில் கம்பி தொய்யும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கம்பியின் கீழ் இரும்பு ஷீட் போட்ட கொட்டகையில் மாடுகளைக் கட்டுவது விதியை மீறுவது மட்டுமல்ல, உயிரோடு விளையாடுவது.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது?

வரைபடம் போடுபவருக்கு வீடு தெரியும், மாடு தெரியாது. அளவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு பசுவுக்குக் கூரைக்குக் கீழ் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியாக 7 சதுர மீட்டர் வேண்டும். எருமைக்கு முறையே 4, 8 சதுர மீட்டர். 20 பசுக்களுக்குக் கூரைப் பரப்பு மட்டும் 70 சதுர மீட்டர், திறந்தவெளி 140. இரண்டும் சேர்ந்து 5 சென்ட்டுக்குச் சற்று மேல். தீவன வழி, கன்றுக் கொட்டில், வைக்கோல் போர், சாணக்குழி எல்லாம் இதற்கு வெளியே. கறிக்கோழிக்கு ஆழ்கூள முறையில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி. கோழிக் கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், அகலம் 25 அடிக்கு மேல் போகக் கூடாது.

பின்னால் நீட்டிக்கும் எண்ணம் இருந்தால், எல்லையிலிருந்து விட வேண்டிய பக்க இடைவெளியை அந்த நீட்டிப்புக்கும் சேர்த்து இப்போதே கணக்குப் போடுங்கள். எவ்வளவு விட வேண்டும் என்பது சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம், பயன்பாடு ஆகியவற்றைப் பொறுத்தது. கட்டடத்துக்குப் போகும் பாதையையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். அடுத்தவர் வரப்பில் நடந்துபோகும் வழியைப் பாதை என்று காட்ட முடியாது. அப்படிப்பட்ட இடமானால் பாதை உரிமையைப் பத்திரமாகப் பதிந்துகொள்வது நல்லது. மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம், அதையும் வரைபடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோழிப்பண்ணை 5,000 கோழிகளும் அதற்கு மேலும் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனியாக வேண்டும். குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, வாய்க்கால், குடிநீர்க் கிணறுகளிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல். ஈயும் நாற்றமும் தாங்காமல் ஊரே திரண்டு மனுக் கொடுத்த பிறகு பண்ணையை நகர்த்த முடியாது. 5,000-க்குக் கீழ் வைத்தாலும் இந்த இடைவெளியை முடிந்தவரை பின்பற்றுங்கள்.

விண்ணப்பம்

வெள்ளைத்தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய காலம் போய்விட்டது. இப்போது ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டட வடிவமைப்பாளர் வரைபடம் தயாரிக்க வேண்டும். அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். பலர் பொறியாளரின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். குறை இருப்பதாகத் தகவல் வந்தால் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு மாதக்கணக்கில் தெரியாது.

வீடு மட்டும் கட்டுபவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 2024 ஜூலை 22 முதல் சுயசான்றுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு நீங்களே உறுதிமொழி கொடுத்து உடனடியாக அனுமதி பெறலாம். கள ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. ஆனால், இது குடியிருப்புக்கு மட்டும். மாட்டுக் கொட்டகையை வீடு என்று காட்டி இதில் அனுமதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உறுதிமொழியில் கையெழுத்து உங்களுடையது. பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும், சொன்னவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

சுயசான்றில் வராதவற்றில் சாதாரண அளவு வீடுகளும் சிறு கட்டடங்களும் ஊராட்சி, ஊராட்சி ஒன்றிய அளவிலேயே பரிசீலிக்கப்படும். பெரிய பண்ணை, ஆலை, கிடங்கு போன்றவை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். உங்களுடையது எதில் வரும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார்.

கட்டணத்தை இணையத்திலேயே கட்டி ரசீது எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், தொழிலாளர் நல நிதி என்று தனித்தனித் தலைப்பில் வரும். எந்தத் தலைப்பிலும் வராத தொகையை யாராவது கையில் கேட்டால் அது கட்டணம் அல்ல.

விண்ணப்பம் நகராமல் கிடந்தால் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம், முதல்வரின் முகவரி உதவி எண் 1100 ஆகியவை இருக்கின்றன. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எந்தக் குறைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது எழுத்தில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா?

இப்படிக் கேட்பவர்கள்தான் அதிகம். முதலில் நீட்டிப்பு வேலை ஏதாவது நடந்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள். பட்டா, எல்லை, நில வகை மூன்றையும் மேலே சொன்னபடி சரிபாருங்கள். கட்டடம் உங்கள் எல்லைக்குள், விதிப்படியான இடைவெளியோடு இருந்தால், உள்ளது உள்ளபடி அளந்த வரைபடத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்தை அணுகலாம். கட்டாதது போலக் காட்டும் வரைபடம் கொடுக்காதீர்கள். கொட்டகையின் ஒரு பகுதி மட்டும் இடைவெளியில் நீட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு விண்ணப்பிப்பது பெரும்பாலும் செலவு குறைந்த வழி. இரும்புத் தூணும் ஷீட்டும் போட்ட கொட்டகையில் அது இரண்டு நாள் வேலை. அறிவிப்பு வந்திருந்தால் வாங்க மறுக்காமல் வாங்கி, அதில் உள்ள கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் அடுத்த நடவடிக்கைக்குப் போய்விடுவார்கள்.

அனுமதி கிடைத்ததும் ஆணையில் உள்ள காலாவதித் தேதியையும் நிபந்தனைகளையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல் ஒன்று வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் கையில் இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் அவர் நூல் பிடிக்க வேண்டும். அசல் ஆணையும் கட்டண ரசீதும் பட்டா, பத்திரத்தோடு வீட்டில் இருக்கட்டும். வங்கிக்கும் மின்வாரியத்துக்கும் நகல் கொடுத்தால் போதும்.